52-இல் 27 போனால்

ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் வணக்கம்.

ஒரு கணக்கிலிருந்து தொடங்குகிறேன். 52-இல் 27 போனால் எவ்வளவு? என்னிடம் மூன்றாம் வகுப்புப் படித்த ஒரு பையன் 35 என்று எழுதியிருந்தான். கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கு எல்லாமே அவனுக்குத் தப்பு. சிவப்பு மையில் பூஜ்யம் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் மனசு கேட்கவில்லை. தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாக ஐந்து கட்டுக் கட்டி, உதிரியாக இரண்டு குச்சியும் வைத்தேன். “இதில் 27 எடுத்துக் கொடுப்பா” என்றேன். இரண்டு கட்டை எடுத்தான். உதிரியைப் பார்த்தான். கொஞ்சம் யோசித்து இன்னொரு கட்டைப் பிரித்தான். ஏழு குச்சி எண்ணிக் கொடுத்துவிட்டு, “மிச்சம் 25 சார்” என்றான்.

அவனுக்குக் கழித்தல் தெரிந்திருக்கிறது. தாளில் 2-இல் 7 போகாது என்றதும், 7-இல் 2-ஐக் கழித்திருக்கிறான். குச்சிக் கட்டைப் பிரித்தானே, அதையே தாளில் எப்படி எழுதுவது என்று காட்டியிருந்தால் போதும். நான் போட்ட பூஜ்யம் அதை எனக்குச் சொல்லவே இல்லை.

2009-இல் வந்த கல்வி உரிமைச் சட்டம் தொடர் மதிப்பீட்டைக் கேட்கிறது, அதாவது பிள்ளை எப்படிக் கற்கிறது என்று தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருப்பதை. தமிழ்நாட்டில் 2012-13-இல், ஆண்டை மூன்று பருவமாகப் பிரிக்கும் முப்பருவ முறை வந்தது. பாடம் நடக்கும்போதே பார்க்கும் வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண், பருவக் கடைசியில் தேர்வு வைக்கும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. அந்த 40-இல் பாதி செயல்பாட்டுக்கு. நல்ல ஏற்பாடு, இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் நடந்தது என்ன? கடையில் படத்தாள் வாங்கி, அம்மா வெட்டி ஒட்ட, பிள்ளை சார்ட்டைத் தூக்கிக்கொண்டு வந்தது. நாங்களும் மதிப்பெண் போட்டோம். பருவக் கடைசியில் பதிவேட்டை மொத்தமாக நிரப்பினோம். நாற்பது பிள்ளைகள், ஐந்து பாடம், அத்தனை கட்டம். ஆசிரியரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தேர்வே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, அது ஒரு பக்கம் இருக்கட்டும். அப்புறம் நான் செய்தது இதுதான். ஒரு சின்ன நோட்டு. நாளைக்கு ஐந்து பிள்ளைகள், ஆளுக்கு ஒரு வரி. எட்டு நாளில் வகுப்பு முடிந்துவிடும். ‘கதையை நன்றாகச் சொல்கிறாள், எழுதும்போது ற, ர குழம்புகிறது.’ ‘ஸ்கேலை 1-இல் இருந்து வைத்து அளக்கிறான்.’ மதிப்பெண் கிடையாது. மறுநாள் யாரிடம் எதைச் சொல்லித்தர வேண்டும் என்று அந்த வரியிலேயே இருக்கும்.

இரண்டு நோட்டை இங்கே மேசையில் வைத்திருக்கிறேன். பிள்ளைகளின் பெயர்களை மறைத்துவிட்டேன். கூட்டம் முடிந்ததும் வந்து புரட்டிப் பாருங்கள்.