ஊசி வழியே வரும் நோய்

நேயர்களுக்கு வணக்கம்.

கோமாரி, மடிநோய், தோல் கழலை பற்றியெல்லாம் வானொலியில் பலமுறை கேட்டிருப்பீர்கள். மாட்டுக்கும் ரத்தப் புற்றுநோய் வரும், அதைக் கொண்டுவருவது ஒரு வைரஸ் என்று சொன்னால் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் மாடு வளர்க்கிற பலருக்கு அது புதுச் சேதியாகத்தான் இருக்கும். லூக்கோசிஸ் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். வைரஸை 1969இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் கண்டுபிடித்தார்கள். இந்தியாவிலும் சில பண்ணைகளில் இது பதிவாகியிருக்கிறது.

முதலில் பயத்தைக் கொஞ்சம் குறைத்துவிடுகிறேன். இந்த வைரஸ் புகுந்த 100 மாடுகளில் கட்டி வருவது ஐந்துக்கும் குறைவு. அதுவும் பெரும்பாலும் மூன்று வயதைத் தாண்டிய பிறகுதான். ஏறக்குறைய 30 மாடுகளுக்கு ரத்தத்தில் வெள்ளையணு கூடுதலாகவே இருந்துகொண்டிருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. மிச்சமுள்ளவை தீவனம் தின்னும், சினை பிடிக்கும், பால் கறக்கும்.

அப்படியென்றால் எதற்கு இந்தப் பேச்சு என்று கேட்பீர்கள். இந்த வைரஸ் வெள்ளையணுவுக்குள் புகுந்து அதன் மரபணுவிலேயே தன்னைச் சேர்த்துக்கொள்ளும். பிறகு மாட்டின் ஆயுள் முழுக்க அங்கேதான். வாசலில் பூட்டுத் தொங்கும் நம்மூர்ப் பெரிய வீட்டில், பின்கட்டில் ஒரு ஆள் குடியிருப்பது போல. பார்வைக்கு நல்ல மாடு, ஆனால் அதன் ரத்தம் ஒரு துளி போதும், பக்கத்து மாட்டுக்குப் போய்விடும்.

அந்தத் துளி எப்படிப் போகிறது என்பதுதான் இன்று நான் சொல்ல வந்ததே. பெரும்பாலும் அதைக் கொண்டுபோவது நாம்தான். தெருவில் மாடுகளை வரிசையாகக் கட்டி ஒரே ஊசியால் எல்லாவற்றுக்கும் குத்துவது இன்னும் முற்றாக ஒழியவில்லை. ஒரு ஊசியின் விலை சில ரூபாய். ‘என் மாட்டுக்குப் புது ஊசி போடுங்கள்’ என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஊசி போட வருகிறவர் யாராக இருந்தாலும் சரி. காதில் வில்லை மாட்டும் கருவி, கொம்பு அறுக்கும் ரம்பம், மூக்கணாங்கயிறுக்குத் துளை போடும் ஊசி, இப்படி ரத்தம் படும் எதையும் ஒரு மாட்டுக்குப் பயன்படுத்தியதும் கழுவி, கிருமிநாசினியில் போட்டு எடுத்த பிறகே அடுத்த மாட்டுக்கு. பர்டிசோ இடுக்கியால் காயடித்தால் ரத்தமே வராது, அதில் கவலை இல்லை. சினை பார்க்கப் போடும் நீளக் கையுறையை ஏனோ பலரும் மறந்துவிடுகிறோம். ஆசனவாயில் லேசாகக் கீறி ரத்தம் பட்டாலும் அதே கையுறை அடுத்த மாட்டுக்கு ஆபத்து. அப்புறம் கடித்து ரத்தம் குடிக்கிற பெரிய மாட்டு ஈக்கள். புலிக்குளம் மாடுகளைக் கிடை போடுகிறவர்களுக்கு அவற்றைத் தெரியும். ஒரு மாட்டில் பாதி குடித்துவிட்டு விரட்டியதும் அடுத்த மாட்டில் உட்காரும்.

சரி, நோயை எப்படிக் கண்டுபிடிப்பது? கட்டி வந்த மாட்டுக்குத் தோளுக்கு முன்னாலும் பின்தொடை மடிப்புக்கு மேலும் நெறி கட்டும். கண் பிதுங்கலாம், பின்னங்கால் இழுக்கலாம், மாடு இளைத்துக்கொண்டே போகும், பால் குறையும். ஆனால் நெறி கட்டியதைப் பார்த்ததும் புற்றுநோய் என்று முடிவுகட்டாதீர்கள். நம் பக்கத்தில் கலப்பின மாட்டுக்கு நெறி கட்டிக் காய்ச்சலும் அடித்தால் நான் முதலில் சந்தேகப்படுவது உண்ணி பரப்பும் தைலேரியாவை. காது நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும், அதற்கு மருந்தும் உண்டு. புற்றுநோய் என்று சொல்லிப் பாதி விலைக்கு மாட்டை ஓட்டிப்போகத் தரகர் யாராவது வந்தால், பரிசோதனை முடிவு வரட்டும் என்று சொல்லுங்கள்.

லூக்கோசிஸை உறுதிசெய்வது ஆய்வகம்தான். இந்த வைரஸை எதிர்க்க மாட்டின் உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள் ரத்தத்திலோ பாலிலோ இருக்கிறதா என்று எலிசா என்ற பரிசோதனையில் பார்ப்பார்கள். ஒரு காலத்தில் டென்மார்க்கில் வெள்ளையணுக்களை எண்ணிப் பார்த்தே நோயுள்ள மந்தைகளைப் பிரித்தார்கள். இப்போது அது மட்டும் போதாது. இரண்டு சமயங்களில் எலிசா நம்மை ஏமாற்றும். ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுக்குச் சீம்பால் வழியாகத் தாயின் எதிர்ப்பொருள் வந்திருக்கும். அதனால் நோய் இல்லாத கன்றுக்கும் நோய் இருப்பதாகக் காட்டலாம். அந்த வயதில், வைரஸின் மரபணுவையே தேடிப் பார்க்கும் பிசிஆர் பரிசோதனைதான் நம்பகமானது. இன்னொன்று, ஈனும் சமயத்தில் தாய் தன் எதிர்ப்பொருளைச் சீம்பாலுக்கு அனுப்பிவிடுவதால், நோயுள்ள பசுவே இல்லாதது போல் தெரியலாம். சில வாரங்கள் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

மருந்தும் கிடையாது, தடுப்பூசியும் கிடையாது. ஐரோப்பாவில் பல நாடுகள் பரிசோதித்து, நோயுள்ள மாட்டைக் கழித்து, உரிமையாளருக்கு இழப்பீடு கொடுத்தே இதை ஒழித்தன. இரண்டு மாட்டை நம்பிக் குடும்பம் நடத்துகிறவரிடம் போய் அப்படிச் சொல்ல எனக்கு மனம் வராது, அது நடக்கவும் நடக்காது. நம்மால் முடிந்தது வேறு. நோயுள்ள மாட்டைத் தனியாகக் கட்டுங்கள். ஊசி போடுவது, சினை பார்ப்பது எல்லாம் நல்ல மாட்டுக்கு முதலில், அதற்குக் கடைசியில். சந்தையில் மாடு வாங்கினால், முடிந்தால் ரத்தம் பார்த்த பிறகு மந்தையில் சேருங்கள்.

பாலைப் பற்றியும் கேட்பார்கள். இந்த வைரஸால் மனிதருக்கு நோய் வரும் என்று நிரூபிக்கப்படவில்லை, காய்ச்சினால் வைரஸும் செத்துவிடும். பச்சைப் பாலை மட்டும் குடிக்காதீர்கள்.

கன்று விஷயம் தனி. நோயுள்ள தாயின் கன்றுகளில் பெரும்பாலானவை வைரஸ் இல்லாமல்தான் பிறக்கின்றன. தாயின் சீம்பால் வழியாக வைரஸ் அவற்றுக்குப் போய்விடாமல் இருக்க, நோயில்லாத பசுவின் சீம்பால் கொடுப்பது நல்லது. அது கிடைக்காவிட்டால், தாயின் சீம்பாலை ஃப்ரீசரில் ஒரு இரவு முழுக்கக் கட்டியாக உறையவைத்து, உருக்கி, வெதுவெதுப்பாகக் கொடுக்கலாம். கொதிக்க வைக்காதீர்கள், திரண்டுவிடும், கன்றுக்கு வேண்டிய எதிர்ப்பொருளும் போய்விடும். சந்தேகம் இருந்தால் பக்கத்துக் கால்நடை மருந்தகத்திலோ குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேளுங்கள். மாடு படுத்துவிட்டால் 1962க்குப் போன் செய்யுங்கள். நன்றி, வணக்கம்.