இந்த 500 வருஷத்து வீடு ஏன் இன்னும் விழவில்லை?

[திரையில்: வீட்டின் தெற்கு முகப்பு]

இந்தப் படத்தில் எடிட்டிங் எதுவும் இல்லை. வீடே இப்படித்தான் நிற்கிறது. ஒவ்வொரு தளமும் கீழ்த்தளத்தைத் தாண்டித் துருத்திக்கொண்டு, கோணல்மாணலாக. போதாக்குறைக்குச் சுற்றிலும் அகழி வேறு!

இங்கிலாந்தின் செஷயர் பகுதியில், காங்கிள்டன் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது லிட்டில் மோர்டன் ஹால். மோர்டன் என்ற நிலக்கிழார் குடும்பம் 1500களின் தொடக்கத்தில் கட்ட ஆரம்பித்து, ஏறக்குறைய 1610 வரை கட்டிக்கொண்டே இருந்தது. அப்போது இங்கிலாந்தை ஆண்ட டியூடர் வம்சத்தின் ஆட்சியே 1603இல் முடிந்துவிட்டது; இவர்கள் வீட்டு வேலை முடியவில்லை. சரி, வரலாறு போதும், மாடிக்குப் போவோம்.

[திரையில்: நீளக் கூடம்]

கோணலுக்குக் காரணம் இந்தக் கூடம்தான். சுமார் 21 மீட்டர் நீளம். முதலில் திட்டத்திலேயே இல்லை, கட்டும்போது வந்த ஆசை. மழை நாளில் உள்ளேயே நடக்கலாம், விளையாடலாம். சும்மா சொல்லவில்லை, சுவரின் மரப்பலகைக்குப் பின்னால் 4 பழைய டென்னிஸ் பந்துகள் கிடைத்திருக்கின்றன, 17ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தைச் சேர்ந்தவை! அடித்தவன் தேடாமலா இருந்திருப்பான்?

ஆசை சரி, பாரம்? கூரையில் வேய்ந்தது ஓடு இல்லை, கனமான கல் பலகைகள். இட்லிப் பானை மேல் ஆட்டுக்கல்லை ஏற்றிய கதைதான். கீழே இருந்த ஓக் மரச் சட்டங்கள் வளைந்தன, ஆனால் முறியவில்லை. மர முளை அடித்துக் கோத்த மூட்டுகள் கொஞ்சம் அசைந்து கொடுக்கும். பிற்காலத்தில் எஃகுக் கம்பிகளையும் செருகினார்கள்.

அகழி? சுமார் 10 மீட்டர் அகலம், பெரும்பாலும் அந்தஸ்துக்காக. வீட்டுக் கழிப்பறைகள் நேராக அதில்தான் இறங்கின. அந்தஸ்து வாழ்க!

1640களில் அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் அரசர் பக்கம் நின்ற மோர்டன் குடும்பம் கடனில் சிக்கி, வீட்டை விவசாயிகளுக்கு வாடகைக்கு விட்டது. இடித்துப் புதிதாகக் கட்டக் காசில்லை. வீடு தப்பித்ததே அதனால்தான் என்பேன். 1938 முதல் அது, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் ட்ரஸ்ட் என்ற அமைப்பின் கையில்.

[திரையில்: முற்றத்து ஜன்னல்]

எனக்குப் பிடித்தது இதுதான். 1559இல் செய்த ஜன்னல். மேலே வீட்டுக்காரர் வில்லியம் மோர்டன் பெயர் செதுக்கியிருக்கிறது. கூடவே, 'இந்த ஜன்னல்களைச் செய்தவன் தச்சன் ரிச்சர்ட் டேல்' என்ற பொருளில் இன்னொரு வரி. எத்தனை மாளிகையில் ஆசாரி பெயர் இருக்கிறது, சொல்லுங்கள்? உங்கள் ஊரில் அப்படி ஒன்று இருந்தால் கமெண்டில் போடுங்கள், அடுத்த வீடியோவே அதுதான்.