வளைந்து நிற்கும் கம்பி: குழந்தையின் முன்கை உடைந்தால் எப்போது ஆபரேஷன்?

(திரையில்: இரண்டு எலும்பும் உடைந்த முன்கையின் எக்ஸ்ரே)

சைக்கிளிலிருந்து விழுந்த எட்டு வயதுப் பையன். முன்கையில் இரண்டு எலும்பும் போயிருக்கிறது, டாக்டர் "கம்பி வைக்கணும்" என்கிறார், அம்மாவுக்கு வயிற்றைப் பிசைகிறது. இந்த வீடியோ அவருக்காகத்தான்.

பெரும்பாலான குழந்தைகளுக்கு மாவுக்கட்டே போதும். எட்டு, ஒன்பது வயதுக்குள் என்றால் சுமார் 15 டிகிரி கோணலாகச் சேர்ந்தாலும் எலும்பு வளர வளர நிமிர்ந்துவிடும். ஆனால் முறுக்கிக்கொண்டு சேர்ந்தால் நிமிராது. பிரசாதம் வாங்குவதுபோல் உள்ளங்கையை மேலே திருப்புங்கள், அப்புறம் கவிழ்த்துங்கள். சுண்டுவிரல் பக்கத்து எலும்பான அல்னா அநேகமாக அப்படியே நிற்க, கட்டைவிரல் பக்கத்தில் வில்போல் லேசாக வளைந்த ரேடியஸ் எலும்பு அதன்மேல் புரண்டு வருகிறது. அந்த வில் கெட்டால் கை முழுசாகத் திரும்பாது. அதனால்தான், இழுத்து வைத்தும் எலும்பு நிற்காமல் நழுவினாலோ, தோலைக் கிழித்து வெளியே வந்தாலோ ஆபரேஷன் பேச்சு வருகிறது.

(திரையில்: மெல்லிய டைட்டானியம் கம்பி)

சுமார் 2 மில்லிமீட்டர்தான் கனம். 1980 வாக்கில் பிரான்சின் நான்சி நகரில் மெத்தெசோ, பிரெவோ என்ற டாக்டர்கள் வளர்த்தெடுத்த முறை இது. டாக்டர் கம்பியை முதலில் வளைத்துக்கொள்கிறார். மணிக்கட்டுக்குச் சற்று மேலே, எலும்பு நீளும் இடமான வளர்ச்சித் தட்டைத் தொடாமல் சின்னதாகக் கீறி ரேடியஸுக்குள்ளும், முழங்கைப் பக்கமிருந்து அல்னாவுக்குள்ளும் எக்ஸ்ரே பார்த்தபடி செலுத்துகிறார். உள்ளே போன கம்பி நிமிரப் பார்க்கும், எலும்பின் சுவர் விடாது, அந்த இழுபறிதான் உடைந்த துண்டுகளைப் பிடித்து வைக்கிறது. உடைந்த இடத்தைத் திறப்பதில்லை, ஆகவே அங்கே உறைந்த ரத்தமும் கலையாமல் எலும்பு சேர உதவுகிறது.

சிலசமயம் கம்பி உடைந்த இடத்தைத் தாண்டி மறுதுண்டுக்குள் போகாது. அப்போது அந்த இடத்தில் சிறிதாகத் திறந்து பார்ப்பதே நல்லது, தோல்வி என்று நினைக்காதீர்கள். திரும்பத் திரும்பக் குத்தினால் தசை வீங்கி உள்ளே அழுத்தம் ஏறும்.

இதைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். முதல் ஓரிரு நாளில், மருந்து கொடுத்தும் வலி ஏறிக்கொண்டே போனால், விரலை மெல்ல நீட்டினாலே குழந்தை துடித்தால், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், உடனே நர்ஸை எழுப்புங்கள். தசைக்கு ரத்தம் போகாமல் மணிக்கணக்கில் நின்றுவிட்டால் அந்தத் தசை திரும்ப வராது.

வளர்ச்சி முடியும் வயதுப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் பிளேட், ஸ்க்ரூ. மற்றவர்களுக்கு இந்தக் கம்பியை வழக்கமாக ஆறு மாதமோ அதற்கு மேலோ கழித்து எடுப்பார்கள். நுனி தோலில் உறுத்துகிறது, சீக்கிரம் எடுங்கள் என்று பலர் கேட்கிறார்கள். எலும்பு முற்றுவதற்குள் எடுத்தால் அதே இடத்தில் மறுபடி உடையலாம்.