எதிர்காற்றில் ஒரு சைக்கிள் பாதை

நேயர்களுக்கு வணக்கம்.

வானொலியில் அணை நீர்மட்டம் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மணிமுத்தாறு 118 அடி, கடனாநதி 85, ராமநதி 84 என்ற கணக்கெல்லாம் நம் பக்கம் பலருக்கு மனப்பாடம். இந்த மூன்று அணைகளையும் சைக்கிளில் எட்டிப் பார்த்துவிட்டு, தென்காசி, செங்கோட்டை தாண்டிக் கோட்டைவாசல் வரை போகிற பாதையைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். கியர் சைக்கிள் வாங்கியவர்கள் மேடு தேடி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகிறார்கள். ஆனி, ஆடியில் நம் மேற்கு எல்லையை ஒருமுறை மிதித்துப் பாருங்கள் என்பேன்.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து மணிமுத்தாறு வரை சிரமமில்லை. அப்புறம் அம்பாசமுத்திரம் வந்து, சிவசைலம் வழியாகக் கடனாநதி. அணைகளுக்கு மேலே இருக்கும் காடு களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். அனுமதி இல்லாமல் அந்தப் பக்கம் திரும்ப வேண்டாம். அடுத்து கடையம், பாரதியின் செல்லம்மாள் பிறந்த ஊர். ராமநதியைப் பார்த்துவிட்டு வந்து, இங்கேயே வயிற்றுக்கு ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள். உண்மையான வேலை இனிமேல்தான்.

கடையம் தாண்டித் தோரணமலை அடிவாரத்தை ஒட்டி மத்தளம்பாறைக்குப் போகும்போது சாலையில் பெரிய ஏற்றம் ஒன்றும் இருக்காது. ஆனாலும் சைக்கிள் நகராது. ஆரியங்காவு கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று அது. பனை ஓலைகள் எல்லாம் கிழக்கே சாய்ந்து சடசடவென்று அடித்துக்கொண்டிருக்கும். நீங்கள் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போக, எதிரே அதே வேகத்தில் காற்று வந்தால், காற்றே இல்லாத நாளில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால் எவ்வளவு எதிர்ப்போ அவ்வளவும் உங்கள் நெஞ்சில் விழும். அதாவது நான்கு மடங்கு. மலை ஏறினால் உச்சி என்று ஒன்று வரும். இந்தக் காற்றுக்கு அதுவும் கிடையாது.

அதனால் தனியாகப் போகாதீர்கள். இரண்டு மூன்று பேர் ஒருவர் பின்னால் ஒருவராக ஒட்டிப் போய், முன்னால் போகிறவர் களைக்கும் முன்பே இடம் மாற்றிக்கொள்ளுங்கள். பின்னால் வருகிறவருக்கு உழைப்பு நன்றாகவே மிச்சமாகும். எழுந்து நின்று மிதிக்க ஆசை வரும், வேண்டாம். நின்றால் காற்றுக்கு உங்கள் உடம்பே பாய்மரம். குனிந்து, கியரைக் குறைத்து, கால் ஒரே சீராகச் சுற்றட்டும். விடியும் முன் கிளம்பினால் பாதிக் காற்றுக்குத் தப்பிக்கலாம். வெயில் ஏற ஏறத்தான் அது வலுக்கும்.

செங்கோட்டை தாண்டிப் புளியரையில் வயல் முடிந்து காடு தொடங்குகிறது. அங்கே எஸ் வளைவு. பாரம் ஏற்றிய லாரிகள் உறுமிக்கொண்டு ஊர்ந்து ஏறும். அவற்றோடு போட்டி வேண்டாம். ஓரமாக இறங்கி நின்று வழி விடுங்கள், அதில் ஒரு குறைச்சலும் இல்லை. கோட்டைவாசலில் கேரள எல்லை. சாரல் முகத்தில் அடிக்கும், கால் நடுங்கும், ஆனால் மனசு அப்படி நிறைந்திருக்கும்.

இறங்கும்போது கவனம். நனைந்த ரிம்மில் பிரேக் உடனே பிடிக்காது. வளைவுக்கு வெகு முன்னாலேயே லேசாகப் பிடித்துப் பிடித்து ஈரத்தை வழித்துவிட வேண்டும். செங்கோட்டைக்குக் கிழக்கே வந்துவிட்டால், காலையில் தள்ளிய அதே காற்று உங்களை ஊருக்குக் கொண்டு வந்து சேர்க்கும்.

முதல் தடவை போகிறவர்கள் தென்காசியோடு திரும்பிவிடுங்கள். கோட்டைவாசலை அடுத்த சாரலுக்கு வைத்துக்கொள்ளலாம். வணக்கம்.