புளித்த பீரும் ஒரு பிடிவாதக்காரரும்

நேயர்களே, வணக்கம். இன்றைக்கு ஒரு பீர் ஆலையைப் பற்றிப் பேசப் போகிறேன். யாரையும் குடிக்கச் சொல்ல வரவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடிக்கும் பழக்கமே இல்லாதவர்களும் இந்தக் கதையைக் கேட்கலாம். ஒரு பொருளை ஒழுங்காகச் செய்த பிறகுதான் விற்கப் போவது என்று ஒரு மனிதர் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல உதாரணம் இல்லை. பல வருடமாக இந்தக் கதையைக் கிடைத்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வானொலியில் சொல்ல வாய்ப்பு கிடைத்தால் விடுவேனா?

அமெரிக்காவில், சான் பிரான்சிஸ்கோ நகரத்தில், ஆங்கர் என்று ஒரு சின்ன பீர் ஆலை. அதனுடைய முக்கியமான சரக்குக்கு ஸ்டீம் பீர் என்று பெயர். இந்த ஸ்டீம் பீர் எப்படி வந்தது என்று கொஞ்சம் சொல்கிறேன், அது தெரிந்தால்தான் மற்றது புரியும்.

1849 வாக்கில் கலிபோர்னியாவில் தங்கம் கிடைக்கிறது என்று உலகமே அங்கே ஓடியது. ஓடியவர்களுக்குப் பின்னாலேயே ஜெர்மன்காரர்களும் பீர் காய்ச்ச வந்தார்கள். அவர்கள் கையில் இருந்தது லாகர் ஈஸ்ட், அதாவது லாகர் என்ற பீர் வகையை நொதிக்க வைக்கிற நுண்ணுயிர். அது குளிரில் வேலை செய்கிற ஜாதி. பனிக்கட்டி போட்டுக் குளிர வைத்த நிலவறையில் வாரக்கணக்கில் மெதுவாக நொதிக்க வேண்டும். கலிபோர்னியாவிலோ பனிக்கட்டி கிடையாது, குளிர்சாதனம் அப்போது எங்கேயுமே கிடையாது. உங்கள் வீட்டு இட்லி மாவையே எடுத்துக்கொள்ளுங்கள், வெயில் காலத்தில் ராத்திரியே பொங்கி வழிந்துவிடும், மார்கழியில் மறுநாள் வரைக்கும் அசையாது, புளிப்பும் வாசனையும்கூட வேறாக இருக்கும். அதே மாதிரிதான் குளிருக்குப் பழகிய ஈஸ்டைச் சாதாரண வெப்பத்தில் விட்டார்கள், ஆழமே இல்லாத அகலமான தொட்டிகளில் ஊற்றி, சான் பிரான்சிஸ்கோவின் கடல் காற்றை வைத்தே சூட்டைத் தணித்துக்கொண்டார்கள். அப்புறம் பீப்பாயில் அடைக்கும்போது, இன்னும் நொதித்துக்கொண்டிருக்கும் புது பீரைக் கொஞ்சம் அதில் சேர்ப்பார்கள், உள்ளேயே வாயு உண்டாகி நுரை கிளம்பும். இல்லாத வசதியைச் சமாளிக்கப் பிறந்த பீர் இது. ஆனால் சுவை என்னவோ தனிச் சுவை.

ஆலையின் வேர் 1871-ல் இருக்கிறது, காட்லீப் பிரெக்ளே என்ற ஜெர்மன்காரர் ஆரம்பித்தது. 1896-ல் எர்ன்ஸ்ட் பாரூத் என்பவரும் அவருடைய மருமகன் ஆட்டோ ஷிங்கலும் அதை வாங்கி ஆங்கர் என்று பெயர் வைத்தார்கள். அதற்குப் பிறகு அந்த ஆலை பட்ட பாட்டைக் கேளுங்கள். 1906 பிப்ரவரியில் பாரூத் திடீரென்று காலமானார். அதே வருடம் ஏப்ரல் 18, சான் பிரான்சிஸ்கோ பூகம்பம், அதைத் தொடர்ந்த தீ, ஆலை சாம்பல். அடுத்த வருடம் வேறு இடத்தில் திறக்கிற நேரத்தில் மருமகன் ஷிங்கல் டிராம் வண்டி மோதி இறந்துபோனார். 1920-ல் மதுவிலக்கு, பூட்டுப் போட்டார்கள். 1933-ல் மதுவிலக்கு போனது, ஜோ க்ராஸ் என்பவர் மறுபடி திறந்தார், 1934-ல் மறுபடி தீ. ஜோ ஆலன் என்பவரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு மறுபடி எழுந்தது. 1959-ல் ஆலன் மூடிவிட்டார். 1960-ல் லாரன்ஸ் ஸ்டீஸ் என்பவர் வாங்கித் திறந்தார். இத்தனை தடவை விழுந்து எழுந்த ஆலை வேறு எதுவும் உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

சரி, இப்போது 1965-க்கு வருவோம். அமெரிக்கா முழுக்கப் பெரிய கம்பெனிகளின் வெளிர் மஞ்சள் லாகர்தான் ஓடுகிறது. எல்லாம் ஒரே சுவை. ஸ்டீம் பீர் செய்கிற இடம் நாட்டிலேயே இது ஒன்றுதான் மிச்சம், அதுவும் இழுத்துக்கொண்டு கிடக்கிறது.

ஃபிரிட்ஸ் மேடாக் என்று ஒரு இளைஞர். மேடாக் வாஷிங் மெஷின் கேள்விப்பட்டிருப்பீர்கள், அந்தக் குடும்பம். கொள்ளுத் தாத்தா ஆரம்பித்த கம்பெனி அது. இவருடைய அப்பா இன்னொரு பக்கம் நீலப்பூசணம் போட்ட பாலாடைக்கட்டி செய்து விற்றவர். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பாலாடைக்கட்டி செய்கிற வீட்டில் வளர்ந்த பிள்ளைக்குக் கண்ணுக்குத் தெரியாத கிருமி நல்லதும் செய்யும், கெடுத்தும் விடும் என்பது சின்ன வயதிலேயே தெரிந்திருக்கும். ஸ்டான்ஃபோர்டில் படித்துவிட்டு, என்ன செய்வது என்று முடிவாகாமல் சான் பிரான்சிஸ்கோவில் இருந்தார். வழக்கமாகப் போகும் உணவகத்தின் சொந்தக்காரர் ஒருநாள் அவரிடம், நீ குடிக்கிறாயே இந்த பீர், அந்த ஆலையை மூடப் போகிறார்கள், மூடுவதற்குள் போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வா என்று சொன்னார். பார்க்கத்தான் போனார். போனவர் சில நாளிலேயே ஆலையில் 51 சதவீதத்தை வாங்கிவிட்டார். விலை சில ஆயிரம் டாலர், அவ்வளவுதான். அந்த விலைக்கு என்ன கிடைக்கும்? பழைய சாமான்கள், கடன், அப்புறம் புளித்துப்போன பீர்.

ஆமாம், புளித்துப்போன பீர். நான் எப்போதும் அழுத்திச் சொல்கிற இடம் இதுதான், கொஞ்சம் நின்று பேச அனுமதி கொடுங்கள். ஆலையில் சுத்தம் கிடையாது. குழாயிலும் தொட்டி மூலையிலும் வேண்டாத பாக்டீரியா குடியிருந்தது. கடைக்குப் போய்ச் சேரும்போதே பீர் புளித்திருக்கும். வாங்கின கடைக்காரர் அடுத்த தடவை வாங்க மாட்டார். இந்த நிலைமையில் ஒரு புது முதலாளி சாதாரணமாக என்ன செய்வார்? விளம்பரம் கொடுப்பார், விலையைக் குறைப்பார், பாட்டிலை மாற்றுவார். மேடாக் அதையெல்லாம் விட்டுவிட்டுக் கழுவ ஆரம்பித்தார். தொட்டியை, குழாயை, பீப்பாயை, தரையை. சாமான்களை ஒவ்வொன்றாக மாற்றினார். பீர் காய்ச்சுவதைத் தானே படித்துக் கற்றுக்கொண்டார். மலிவுக்காகச் சேர்க்கிற சோளம், அரிசி, சர்க்கரை எல்லாம் வேண்டாம், முளைகட்டிய பார்லி மட்டும் போதும், பீருக்குக் கசப்பும் மணமும் கொடுக்கிற ஹாப்ஸ் பூவைப் பூவாகவே போடலாம் என்று பிடித்த பிடியில் நின்றார். 1969-ல் முழு ஆலையும் அவர் கைக்கு வந்தது. ஆனாலும் ஸ்டீம் பீரைப் பாட்டிலில் அடைத்து விற்க 1971 வரைக்கும் பொறுத்தார். பாட்டிலில் போட்டால் பல வாரம் அலமாரியில் நிற்க வேண்டும், கெடாமல் நிற்கும் என்று கையிலடித்துச் சொல்லும் வரைக்கும் அடைக்கவில்லை. வாங்கியது 1965, பாட்டில் 1971. நடுவில் உள்ள வருடங்களை எண்ணிப் பாருங்கள். அந்தப் பொறுமைதான் இந்த ஆலையின் சரித்திரம் என்று நான் நினைக்கிறேன், மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வந்தது.

பின்னால் வந்ததும் சாதாரணமானது இல்லை. எழுபதுகளில் போர்ட்டர் என்ற கறுத்த பீர் வந்தது, வறுத்த தானிய வாசனையோடு. 1975-ல் லிபர்ட்டி ஏல் என்ற பீர். அமெரிக்க விடுதலைப் போரில் பால் ரிவியர் என்பவர் குதிரையில் போய், பிரிட்டிஷ் படை வருகிறது என்று எச்சரித்த இரவின் 200-வது ஆண்டுக்காக ஏப்ரல் 18 அன்று காய்ச்சியது. பூகம்பம் வந்த அதே தேதி, கவனித்தீர்களா? இதில் கேஸ்கேட் என்ற ஹாப்ஸைப் போட்டார்கள். ஓரிகனில் வளர்த்தெடுத்து 1972-ல்தான் வெளியே விட்ட புது ரகம் அது. காய்ச்சும்போது போட்டதோடு நிற்காமல், நொதித்து முடிந்த பீரிலும் பச்சையாகப் பூவைப் போட்டு ஊற வைத்தார்கள். மூக்கருகே கொண்டுபோனாலே சாத்துக்குடித் தோலும் பைன் மரமும் மணக்கும். இன்றைக்கு உலகமெங்கும் கசப்பும் மணமுமாக விற்கிற ஐபிஏ என்ற அமெரிக்க பீர் வகை எல்லாவற்றுக்கும் இதுதான் முன்னோடி என்று விவரம் தெரிந்தவர்கள் பலர் சொல்கிறார்கள், நானும் அந்தக் கட்சிதான்.

அதே வருடம் ஓல்ட் ஃபாக்ஹார்ன் என்று கெட்டியான, கனமான ஒன்றையும் காய்ச்சினார்கள். அதற்குத் தானியத்தில் இறங்குகிற முதல் சாற்றை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். மிச்சமுள்ள தானியத்தைத் தூக்கிப் போடாமல், அதன் மேல் மறுபடி வெந்நீர் ஊற்றி இரண்டாம் சாறு எடுத்து, லேசான பீர் ஒன்றைப் பிற்பாடு விற்றார்கள். பழைய காலத்தில் வீடுகளில் செய்த சிக்கனம்தான். எனக்கு அந்த லேசானதுதான் ரொம்பப் பிடிக்கும்.

கிறிஸ்துமஸ் பீரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அதுவும் 1975-ல் ஆரம்பித்ததுதான். ஆலை ஓடிய காலத்தில் நவம்பரில் வரும், ஜனவரியோடு போய்விடும். ஒவ்வொரு வருடமும் செய்முறையை மாற்றுவார்கள், பிற்பாடு மசாலாவும் சேர்த்தார்கள், என்ன மசாலா என்று மட்டும் வாயைத் திறக்க மாட்டார்கள். லேபிளில் ஒவ்வொரு வருடமும் வேறொரு மரம். ஜிம் ஸ்டிட் என்ற ஓவியர் வருடா வருடம் கையால் வரைந்தவை அவை. நான் அந்த லேபிள்களைச் சேர்த்து வைத்திருக்கிறேன். பாட்டிலைத் தண்ணீரில் ஊறப் போட்டு, ஓரம் கிழியாமல் உரித்து, பழைய கணக்கு நோட்டின் நடுவில் வைத்து அழுத்திக் காய வைப்பேன். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு மரத்தின் கிளை மாதிரி இன்னொன்றின் கிளை இருக்காது, இலைக்கு இலை பார்த்து வரைந்திருப்பார் மனிதர்.

இப்போது எனக்குப் பிடித்த சம்பவம். நேரம் ஆகிறது என்று தெரியும், ஆனாலும் இதைச் சொல்லிவிடுகிறேன். சுமேரியர்கள் என்று பழைய மெசபடோமியாவில் வாழ்ந்தவர்கள். அவர்களுக்கு பீருக்கென்றே ஒரு பெண் தெய்வம், பெயர் நின்காசி. அந்தத் தெய்வத்தைத் துதிக்கிற பாட்டு ஒன்று களிமண் பலகையில் எழுதிக் கிடைத்திருக்கிறது, ஏறக்குறைய 3800 வருடம் பழையது. மிகேல் சிவில் என்ற அறிஞர் அதை 1964-ல் மொழிபெயர்த்தார். துதிப் பாட்டுதான், ஆனால் உள்ளே செய்முறையும் இருக்கிறது. தானியத்தை நனைப்பது, பப்பீர் என்ற ஒரு வகை ரொட்டி, தேன், எல்லாம் வரிசையாக வரும். மேடாக் இதைப் படித்தார். படித்தவர் சும்மா இருப்பாரா? சாலமன் கட்ஸ் என்ற மானுடவியல் பேராசிரியரோடு சேர்ந்து, பாட்டில் இருப்பது போலவே செய்து பார்த்துவிடலாம் என்று இறங்கினார். பார்லி மாவில் தேன் சேர்த்து ரொட்டி சுட்டார்கள், ஒரு தடவை சுட்டதை அறுத்து மறுபடி காய்ந்து போகும்படி சுட்டார்கள். அதை முளைகட்டிய பார்லியோடு கலந்து காய்ச்சினார்கள். பேரீச்சம்பழ ருசியும் உண்டு. ஹாப்ஸ் அந்தக் காலத்தில் இல்லை, அதனால் போடவில்லை. 1989-ல் சான் பிரான்சிஸ்கோவில் சின்ன ஆலைக்காரர்கள் கூடியபோது பெரிய ஜாடிகளில் ஊற்றி, பழைய முத்திரைகளில் செதுக்கியிருப்பது போலவே நீளமான குழல் போட்டு உறிஞ்சிக் குடித்தார்கள். மொழிபெயர்த்த சிவிலும் ருசி பார்த்தார், கசப்பில்லாமல் புளித்த ஆப்பிள் சாறு போல இருந்தது என்றார். யோசித்துப் பாருங்கள், வாழ்நாளெல்லாம் களிமண் எழுத்தைப் படித்த மனிதர், அந்த எழுத்தில் சொன்ன பீரையே வாயில் வைத்து ருசிக்கிறார்! லாபத்துக்காகச் செய்த வேலை இல்லை இது. சுத்தமும் பொறுமையும் தெரிந்த ஆலையால் மட்டும்தான் இப்படி ஒன்றைச் செய்து பார்க்க முடியும், திரும்பத் திரும்ப நான் சொல்வதும் அதுதான்.

மேடாக்கைப் பார்த்து மற்றவர்களும் துணிந்தார்கள். ஜாக் மெக்காலிஃப் என்பவர் ஆங்கர் ஆலையைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய், கலிபோர்னியாவிலேயே சோனோமாவில் 1976-ல் நியூ ஆல்பியன் என்ற சின்ன ஆலையை ஆரம்பித்தார். எழுபதுகளின் கடைசியில் அந்த நாட்டில் நூறு ஆலைகூட இல்லை, இன்றைக்கு 9000-க்கு மேல்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். மிச்சத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், இதைத்தான் விரிவாகப் பேச நினைத்திருந்தேன். 1979-ல் ஆங்கர்காரர்கள் அதே நகரத்தில் பொட்ரேரோ குன்றில் பழைய காப்பிக்கொட்டை வறுக்கிற கட்டடத்துக்குப் போனார்கள், அந்தச் செப்புக் கொப்பரைகளைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். 2010-ல் மேடாக் விற்றுவிட்டார். 2017-ல் ஜப்பானின் சப்போரோ பீர் கம்பெனி வாங்கியது. 2019-ல் தொழிலாளர்கள் சங்கம் அமைத்தார்கள். 2021-ல் லேபிளையெல்லாம் மாற்றினார்கள், பழைய வாடிக்கையாளர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை, எனக்கும் பிடிக்கவில்லை. 2023 ஜூலையில் மூடுகிறோம் என்று அறிவித்துவிட்டார்கள். தொழிலாளர்களே சேர்ந்து வாங்கி நடத்தப் பார்த்தார்கள், நடக்கவில்லை. 2024 மே மாதம் சோபானி தயிர்க் கம்பெனியை ஆரம்பித்த ஹம்தி உலுகாயா கட்டடம், கொப்பரை, செய்முறை எல்லாவற்றையும் சேர்த்து வாங்கினார், மறுபடி காய்ச்சுவேன் என்று சொல்லித்தான் வாங்கினார். அவரிடம் கேட்க எனக்கு இரண்டே விஷயம் உண்டு. ஸ்டீம் பீரை அந்த ஆழமில்லாத தொட்டியிலேயே நொதிக்க விடுங்கள், ஸ்டிட் வரைந்த மரங்களைத் திரும்ப ஒட்டுங்கள். நன்றி, வணக்கம்.