நவீன அயர்லாந்தை மாற்றியவர்கள் சாமானியர்களே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

"நவீன அயர்லாந்தை மாற்றியது தலைவர்களின் தொலைநோக்கா, சாமானியர்களின் பிடிவாதமா?" எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் மூன்று பெயர்களை அடுக்கினார்: பிரதமர் ஷான் லெமாஸ், நிதித்துறைச் செயலர் விட்டேக்கர், கல்வி அமைச்சர் டோனா ஓமாலி. 1958இன் பொருளாதாரத் திட்டம், 1967இல் வந்த இலவச உயர்நிலைக் கல்வி, எல்லாம் இவர்கள் போட்ட பிச்சை என்ற தோரணையில் முடித்தார். நீங்களும் கைதட்டினீர்கள்.

இலவசக் கல்வி பெரிய காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர் விழுங்கிவிட்ட ஒரு செய்தியைச் சொல்கிறேன். 1966 செப்டம்பரில் ஓமாலி அந்தத் திட்டத்தை அமைச்சரவையின் ஒப்புதலே இல்லாமல் பத்திரிகையாளர் கூட்டம் ஒன்றில் அறிவித்தார். அதைக் கேட்டுக் கொதித்துப்போய்ப் பிரதமருக்குப் புகார்க் கடிதம் எழுதியவர் யார் தெரியுமா? இதே விட்டேக்கர்! எதிரணி தோளோடு தோளாக நிறுத்திய இருவரும் அன்றைக்கு எதிரெதிர்த் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். சரி, அது அவர்கள் வீட்டுச் சண்டை. நமக்கெதற்கு?

ஆலை கட்டவும் பள்ளிக்கூடம் திறக்கவும் அமைச்சர்களால் முடியும். படுக்கையறை வரை வந்து நின்ற சட்டத்தை யார் வெளியே அனுப்பினார்கள் என்பதுதான் என் கேள்வி. அன்றைய அயர்லாந்தில் அரசுப் பணியில் இருக்கும் பெண்ணுக்குத் திருமணமானால் வேலை போய்விடும். 1973 வரை அதுதான் விதி. விவாகரத்தை அரசியல் சட்டமே தடுத்தது. கருத்தடைச் சாதனங்களை விற்கவும் இறக்குமதி செய்யவும் 1935 முதல் தடை.

டப்ளினுக்கு வடக்கே ஸ்கெரிஸ் என்று ஒரு கடலோர ஊர். அங்கே ஒரு மீனவரின் மனைவி மேரி மெகீ. நான்கு குழந்தைகள். கர்ப்ப காலத்தில் மூளையில் இரத்தம் உறைந்து உயிர் பிழைத்தவர். இன்னொரு கர்ப்பம் உயிருக்கே ஆபத்து என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கருத்தடைக் களிம்பு ஒன்றை இங்கிலாந்திலிருந்து தபாலில் வரவழைத்தார். சுங்கத்துறை அதைப் பறிமுதல் செய்தது. துப்பாக்கி இல்லை, கடத்தல் தங்கம் இல்லை, ஒரு களிம்பு! அந்த அம்மாள் அரசின் மீது வழக்குப் போட்டார். உயர் நீதிமன்றத்தில் தோற்றார். விடவில்லை. 1973 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், தம்பதியரின் அந்தரங்கத்தில் தலையிட அரசுக்கு உரிமை இல்லை என்று தீர்ப்பளித்தது.

இனிமேல்தான் தொலைநோக்குத் தலைவர்கள் மேடைக்கு வருகிறார்கள். தீர்ப்பு வந்துவிட்டதே என்று அரசு 1974இல் ஒரு மசோதா கொண்டுவந்தது. வாக்கெடுப்பில் அதை எதிர்த்து வாக்களித்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா, நடுவர் அவர்களே? அந்த அரசின் பிரதமர் லியம் காஸ்கிரேவ்! தன் அரசு கொண்டுவந்த மசோதாவைத் தானே தோற்கடித்த பிரதமர். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1979இல், சுகாதார அமைச்சர் சார்லஸ் ஹாஹி ஒரு சட்டம் செய்தார். அதன்படி ஆணுறை வாங்கவும் மருத்துவர் சீட்டு எழுதித்தர வேண்டும். "அயர்லாந்துப் பிரச்சினைக்கு அயர்லாந்துத் தீர்வு" என்று அதற்கு அவரே பெயரும் சூட்டினார். மீனவரின் மனைவிக்கு இருந்த துணிச்சலில் கால்பங்கு அந்த அமைச்சரவைக்கு இருந்ததா?

எதிரணி நண்பர் அங்கிருந்து கை உயர்த்துகிறார். என்ன கேட்கப்போகிறார் என்று தெரியும். "1983இல் கருக்கலைப்புத் தடையை அரசியல் சட்டத்தில் எழுதி வைத்தது யார்? 67 விழுக்காட்டுச் சாமானியர்கள்தானே?" நல்ல கேள்வி, என் அணிக்கு வலிக்கிற கேள்வியும்கூட. அந்தத் திருத்தத்துக்கு மக்கள் வாக்களித்தார்கள், உண்மை. ஆனால் அதற்கு முன்பே, ஒரு சிறு அமைப்பு வந்து கேட்டதும் ஹாஹியும் கேரட் ஃபிட்ஸ்ஜெரால்டும், இரு பெரும் கட்சித் தலைவர்களும், போட்டி போட்டுக்கொண்டு வாக்குறுதி கொடுத்தார்களே, அதுவும் தொலைநோக்குத்தானா?

2012இல் கால்வே மருத்துவமனையில், கர்நாடகத்தைச் சேர்ந்த பல் மருத்துவர் சவிதா ஹலப்பனவார் இறந்தார். கரு தங்காது என்று தெரிந்தும், இதயத் துடிப்பு இருக்கிறது என்று கருக்கலைப்பு மறுக்கப்பட்டது. இரத்தத்தில் நச்சேறி அந்தப் பெண் இறந்தார். வாய்மூடி இருக்க மறுத்த கணவர் பத்திரிகையாளரிடம் பேசினார், நாடு தெருவுக்கு வந்தது. பிறகு, குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட 99 குடிமக்கள் வார இறுதிகளில் கூடி, நிபுணர்களை விசாரித்து, அந்தத் திருத்தம் அப்படியே நீடிக்கக் கூடாது என்று சொன்னார்கள். 2018இல் 66.4 விழுக்காடு வாக்குகளால் அது நீங்கியது. போட்ட முடிச்சை மக்களே அவிழ்த்தார்கள்.

1984 ஜூலை. டப்ளின் ஹென்றி தெருவில் டன்ஸ் அங்காடி. கல்லாவில் 21 வயது மேரி மேனிங். ஒரு வாடிக்கையாளர் கிரேப்ஃபுரூட் பழங்களை எடுத்து வைக்கிறார், தென்னாப்பிரிக்கப் பழம். நிறவெறி நாட்டுச் சரக்கைத் தொடாதீர்கள் என்று தொழிற்சங்கம் சொல்லியிருந்தது. மேனிங் பில் போட மறுத்தார். இடைநீக்கம். சக ஊழியர்கள் சிலர் அவருடன் வெளியே வந்தார்கள், பெரும்பாலும் இளம்பெண்கள். நிறவெறி பற்றி அவர்களுக்கு அப்போது அதிகம் தெரியாது. போராட்ட வரிசைக்கு வந்து நின்ற தென்னாப்பிரிக்கர் ஒருவர்தான் சொல்லிக்கொடுத்தார். குளிரிலும் மழையிலும் இரண்டே முக்கால் ஆண்டு வாசலில் நின்றார்கள். 1987இல் அயர்லாந்து அரசு தென்னாப்பிரிக்கப் பழங்களுக்கும் காய்கறிகளுக்கும் தடை விதித்தது. சிறையிலிருந்து வந்த மண்டேலா 1990இல் டப்ளினுக்கு வந்தபோது இவர்களைச் சந்தித்தார்.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. ஒரே நிமிடம்.

கால்வே மாவட்டத்தில் டூவம் என்றொரு சிற்றூர். திருமணமாகாமல் தாயானவர்களையும் அவர்களின் குழந்தைகளையும் அடைத்து வைக்க, கன்னியாஸ்திரிகள் அங்கே 1925 முதல் 1961 வரை ஓர் இல்லம் நடத்தினார்கள். எழுபதுகளில் அந்த இடத்தில் விளையாடிய சிறுவர்கள் எலும்புகளைப் பார்த்தார்கள். பழைய பஞ்ச காலத்துக் கல்லறையாக இருக்கும் என்று ஊர் விட்டுவிட்டது. கேத்தரின் கோர்லெஸ் என்ற குடும்பத் தலைவி விடவில்லை. பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். உள்ளூர் வரலாற்றில் ஆர்வம், அவ்வளவுதான். இல்லத்தில் இறந்த குழந்தைகளின் இறப்புச் சான்றிதழ்களைக் கைக்காசு கொடுத்து வாங்கினார். 796 பெயர்கள். அவர்களை அடக்கம் செய்த பதிவு எங்கே என்று தேடினார், கிடைக்கவில்லை. 2014இல் உலகமே அந்த எண்ணைக் கேட்டது. 2017இல் அரசின் விசாரணை ஆணையம் நிலத்தடி அறைகளில் குழந்தைகளின் எச்சங்கள் இருப்பதை உறுதி செய்தது. 2021இல் பிரதமர் மிஹால் மார்ட்டின் மன்னிப்புக் கேட்டார்.

1961க்கும் 2014க்கும் இடையே பத்துப் பேர் அயர்லாந்தின் பிரதமராக இருந்திருக்கிறார்கள். எதிரணி போற்றும் லெமாஸ் அவர்களில் முதலாமவர். இல்லத்தின் கதவு மூடப்பட்டபோது பதவியில் இருந்தவரே அவர்தான். அந்தப் பத்துப் பேரில் யார் பதிவு அலுவலகத்துக்கு ஆள் அனுப்பி அந்தச் சான்றிதழ்களைக் கேட்டார்? அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் ஒரே ஒரு பெயரைச் சொல்லட்டும். நான் உட்காருகிறேன். நன்றி, வணக்கம்.