'காய்ச்சல் ஊசி' என்று போடாதீர்கள்

(மாரிக்கு முன் திருகோணமலையில் இளைஞர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

தம்பி தங்கச்சிமாரே, வணக்கம். இன்ஃப்ளுவென்சா தடுப்பூசி பற்றி முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் ஊருக்குச் சொல்லக் கிளம்பியிருக்கிறீர்கள். சந்தோஷம். நீங்கள் தயாரித்த போஸ்டரில் ஒரு சொல்லை மட்டும் முதலில் அழியுங்கள்: 'காய்ச்சல் ஊசி'.

வாடைக்காற்று கிளம்பி மழை பிடிக்கும் மாதங்களில் இன்ஃப்ளுவென்சா பரவும். அதே மழையில் நுளம்பு பெருகி டெங்குவும் வரும். உங்கள் போஸ்டரைப் பார்த்து, எல்லாக் காய்ச்சலுக்கும் இதுதான் என்று நினைத்து ஒருவர் ஊசி போடுகிறார், அடுத்த மாதம் அவருக்கு டெங்கு. பழி யார் தலையில்? ஊசியின் தலையில். அதைவிட மோசம், 'நான்தான் ஊசி போட்டேனே' என்று இரத்தம் சோதிக்காமல் பனடோலும் மல்லித்தண்ணியுமாக அவர் வீட்டில் படுத்திருப்பது. 'இது டெங்குவைத் தடுக்காது' என்று பெரிய எழுத்தில் போடுங்கள்.

அப்புறம், ஊசி போட்டதால்தான் காய்ச்சல் வந்தது என்று கொமண்டில் எழுதுவார்கள். கேலி செய்யாதீர்கள். என் பெரியம்மாவும் அதைத்தான் சொன்னார். சிலருக்குக் கை நோகும், ஓரிரு நாள் உடம்பு சுடும், அது உண்மை. வழக்கமாகப் போடும் ஊசியில் இருப்பது செயலிழந்த வைரஸ், அதனால் நோய் தர முடியாது. பாதுகாப்பு உருவாக 2 வாரம் பிடிக்கும், அதற்குள் தொற்றவும் கூடும். இதையெல்லாம் நாமே முன்கூட்டிச் சொல்லிவிட்டால் வதந்திக்கு வேலை குறைவு.

போஸ்டரில் திகதி போடுங்கள். இந்த வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால், உலக சுகாதார நிறுவனம் வருடத்துக்கு 2 தடவை, பெப்ரவரியிலும் செப்டெம்பரிலும், ஊசியில் எந்த வகைகளைச் சேர்ப்பது என்று பரிந்துரைக்கிறது. போன வருடத்து போஸ்டரோ இன்னும் குடும்பக் குழுக்களில் 'குட்மோர்னிங்' பூக்களுக்கு நடுவே சுற்றுகிறது.

சரி, போஸ்டரை யார் வாசிக்கிறார்கள்? முக்கியமாகத் தேவைப்படுவது 65 வயது தாண்டியவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், சீனி வருத்தம், ஆஸ்துமா உள்ளவர்களுக்கும். கிண்ணியாவிலோ மூதூரிலோ இருக்கும் ஒரு உம்மம்மா போனில் பொடி எழுத்தை வாசிக்க மாட்டார். அந்தப் பகுதி மிட்வைஃபிடம் கேட்டு, அவர் குரலிலேயே ஒரு நிமிட வொய்ஸ் பதிவு அனுப்புங்கள். தெரிந்த குரல் என்றால் முழுவதும் கேட்பார்கள்.

கடைசியாக, காசு விஷயம். பிள்ளைகளுக்குக் கிளினிக்கில் இலவசமாகப் போடும் அட்டவணையில் இது இல்லை. எங்கே போடலாம், எவ்வளவு என்று விசாரித்து எழுதுங்கள். அங்கே போய் நின்ற பிறகுதான் விலை தெரிந்தால், திரும்பி வரும் ஓட்டோவில் இருந்தே உங்கள் பக்கத்தை அன்ஃபொலோ செய்துவிடுவார்கள்.